கால் சுற்றுத் திருகாணி

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கராஜ்களில் வருடம் முழுவதும் நடக்கும் வேலை ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குவார்கள். பிறகு பாஸ் என்று அழைக்கப்படும் மெக்கானிக் குந்தியிருந்து, கார்பரேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைப்பார். கால் சுற்றுத் திருப்புவார். காதைக் கொடுத்துக் கேட்பார். எஞ்சின் தடுமாறினால் அதில் பாதியைத் திரும்ப விடுவார். சைலன்சர் வாயருகே உள்ளங்கையைக் காட்டி, மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பெற்றோல் வாடை குறைந்திருந்தால் தலையை ஆட்டுவார். வண்டிக்காரர் அதே சூட்டோடு புகைப் பரிசோதனைக்குப் புறப்படுவார்.

அந்தப் பரிசோதனையில் தேறினால்தான் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரம் கிடைக்கும். அது இல்லாமல் வீதியில் இறங்கினால் பொலிஸ் மறித்த இடத்திலேயே தண்டப்பணம். கையில் 125 சீசீ வண்டி வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு வருடத்தில் ஒரு நாள் வயிற்றைக் கலக்கும் நாள் அது.

சமவெளியில் தேறும் வண்டி மலையில் தவறுவதற்குக் காற்றே ஒரு காரணம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஹட்டன் ஏறத்தாழ 1270 மீட்டர். மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஓர் எஞ்சின் ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் காற்று கொழும்பில் ஆறு பங்கு என்றால், நுவரெலியாவில் அது ஐந்து பங்குதான். கார்பரேட்டருக்கு இது தெரியாது. அதற்குள் இருக்கும் ஜெட் என்ற ஊசித்துளை சமவெளிக் காற்றுக்கு அளவெடுத்துத் துளைத்தது. காற்றுக் குறைந்த அளவுக்குப் பெற்றோலை அது குறைத்துக்கொள்வதில்லை. மிஞ்சும் பெற்றோல் முழுதாக எரியாமல் கார்பன் மொனொக்சைட்டாகவும், எரியாத ஐதரோகார்பனாகவும் சைலன்சர் வழியே வெளியேறும். பரிசோதனைக் கருவி அளப்பது இந்த இரண்டையும்தான். இதைத்தான் வண்டி அடைக்கிறது என்று கராஜில் சொல்வார்கள். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி மாதிரிக் கறுத்திருக்கும்.

மலைநாட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பரிசோதனையில் தோற்றால் வண்டிக்காரரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதில் பாதி நியாயம்கூட இல்லை. அந்தத் தோல்விக்குப் பின்னால் உயரம் இருக்கிறது, மழை இருக்கிறது, யாருக்காக வெட்டப்பட்ட பாதை யார் காலில் விழுந்தது என்ற வரலாறும் இருக்கிறது.

மலைக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர் நடந்தே வந்தார்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கும் அங்கிருந்து மேல் மலைகளுக்கும் கங்காணி பின்னால் நடந்த கூட்டம் அது. ரயில் பின்னால்தான் வந்தது: நாவலப்பிட்டிக்கு 1874இல், ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்குள் கோப்பி இலைநோயில் அழிந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ரயில் ஏற்றி இறக்கியது தேயிலைப் பெட்டியையும் அரிசி மூட்டையையும். ஸ்டேஷனிலிருந்து தொழிலாளர் வாழும் லயத்துக்குப் போகும் கடைசி ஐந்து மைலும் பத்து மைலும் காலுக்கு உரியவை.

தோட்டத்துக்குள் வெட்டிய பாதைகள் இரண்டு வகை. ஒன்று, மலையை வளைத்து வளைத்து, மாட்டு வண்டிக்கும் துரையின் குதிரைக்கும் ஏற்ற சரிவில் ஸ்டோரையும் பங்களாவையும் பெரிய வீதியோடு சேர்த்த பாதை. (தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் பெயர்.) மற்றது, லயத்திலிருந்து மலைக்கும், காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்துக்கும் நெட்டாக ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதையும் கற்படியும். முதலாவது பாதைக்கு மட்டம் வைத்துச் சரிவு பார்த்தார்கள். இரண்டாவதற்கு யாரும் பார்க்கவில்லை. இன்று லயத்து வாசல்வரை மோட்டார் சைக்கிள் போகிற பல இடங்களில் அது ஏறுவது அந்த இரண்டாவது பாதையின் மேல் கொட்டிய கொங்கிரீட்டில்தான். முதல் கியரில் எஞ்சின் அலறுவதன் காரணம் 150 வருடப் பழையது.

குதிரையின் இடத்தை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். பெரிய துரைக்குக் கார் வந்தது, சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள். பீஎஸ்ஏ, ட்ரையம்ப், நோர்ட்டன், மெட்ச்லெஸ் என்று பிரிட்டனின் தொழிற்சாலைகளில் செய்த கனத்த வண்டிகள். சின்னத் துரை ஒரு நாளில் நாலைந்து மலையைச் சுற்ற வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் நாற்றுத் தவறணைக்கும் கவ்வாத்து மலைக்கும் போகவேண்டும். குதிரைக்குப் புல்லும் குதிரைக்காரரும் தேவை, இதற்கு ஒரு டின் பெற்றோல் போதும். தோட்டத்து வயதானவர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றி இன்றும் சொல்வார்கள். பணிய வளைவில் மோட்டார் சைக்கிள் உறுமினால் மேமலையில் நிரை நிரையாகப் பேச்சு அடங்கிவிடும், கங்காணியின் குரல் உயர்ந்துவிடும். மூன்று தலைமுறைத் தொழிலாளருக்கு மோட்டார் சைக்கிள் என்பது ஏறும் பொருளாக இருக்கவில்லை. அது காதில் விழும் எச்சரிக்கை.

நுவரெலியாவுக்கு வேறொரு மோட்டார் வாழ்க்கையும் இருந்தது. ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்புப் பணக்காரரும் தோட்டத் துரைமாரும் கூடும் நகரம் அது. 1930களில் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் பாதையில் நேரத்தோடு போட்டி போட்டன. மெலிந்த காற்றுக்கு எந்த ஜெட் போடவேண்டும் என்பதை இந்த மலையில் முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் அந்தப் பந்தயக்காரரும் இருந்திருப்பார்கள். ஊருக்கு ஏற்ற சின்ன ஜெட்டை மாற்றிப் போட்டால் வண்டி அடைப்பது நிற்கும். அந்தக் காலத்து வண்டியிலும் இன்றைய வண்டியிலும் மருந்து அதுவே.

மோட்டார் வீதி ஒரு ரயிலையே தோற்கடித்த மாவட்டம் இது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன உடப்புசல்லாவைக் குறும்பாதை ரயில் 1903ஐ ஒட்டி ஓடத் தொடங்கி, பஸ்ஸும் லொறியும் பெருகிய 1940களில் ஓய்ந்தது. வீதி வென்ற பிறகு வீதியில் ஓடுவதைச் சோதிக்கச் சட்டம் வேண்டியிருந்தது. இலங்கை மோட்டார் போக்குவரத்தின் அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். பலமுறை திருத்தியும் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றது. பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு எல்லாவற்றையும் பரிசோதகர் பார்க்கவேண்டும். சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. 1951இல் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்த விலக்கு விளங்கும். சொந்த மெக்கானிக்கும் ஸ்டோரில் பிட்டரும் வைத்திருந்த ஒரு வகுப்பின் வாகனம் அது.

பரிசோதனை வராவிட்டாலும் அரசு மோட்டார் சைக்கிளின் பின்தகட்டுக்கு வந்தது. 1957 ஜனவரியிலிருந்து புதிய வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமானது. முந்தைய வருடம்தான் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. தமிழர் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். அந்தப் போராட்டத்தில் மலைநாடும் இரத்தம் சிந்தியது. 1958இல் பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தனர். வாகனமே இல்லாத மக்கள் வாகனத் தகட்டுக்காக உயிர் கொடுத்தார்கள் என்பதை இங்கே கொஞ்சம் நின்று நினைக்கத்தான் வேண்டும். அப்போது அவர்களில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலை 2003இல் வந்த சட்டத்தோடுதான் தீர்ந்தது. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லை, கடிதம் தோட்ட ஒபீசுக்குத்தான் வரும். பெயரில் ஒரு வண்டியைப் பதிவதற்கு முன்னால், பெயரும் முகவரியும் பதிவாக வேண்டியிருந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. ஜப்பானிய வண்டிகள் மலைக்கு வந்தது அந்தக் கதவால். ஹொண்டா சீடீ, சீஜீ, ஜப்பானில் தபால்காரர் ஓட்டித் தீர்த்து இங்கே மறுபிறவி எடுத்த சிவப்பு எம்டீ 90. முதலில் வாங்கியவர்கள் ஆசிரியர்கள், தோட்டத்துக் கண்டக்டர் ஐயாமார், கிளாக்கர், டவுன் கடைக்காரர்கள். 1990களின் நடுவிலிருந்து இந்திய வண்டிகள்: ஹீரோ ஹொண்டா, பஜாஜ், டீவீஎஸ். விலை குறைவு, லீசிங் உண்டு, சாமான் எங்கும் கிடைக்கும். தோட்டக் கூலியில் மட்டும் அந்த வண்டிகள் வரவில்லை. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த தாய்மாரின் பணம், கொழும்புக் கடைகளில் நின்ற பிள்ளைகளின் பணம், கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் கரட்டும் லீக்ஸும் விளைந்த துண்டு நிலத்தின் பணம். எச்சரிக்கையாக மட்டும் கேட்ட சத்தம் லயத்து வாசலில் பிள்ளை வீடு திரும்பும் சத்தமாக மாறியது இந்த முப்பது வருடத்துக்குள்தான்.

கராஜ் தொழிலும் அதோடு பிறந்தது. மலையில் இரும்பைப் புரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். கொழுந்து அரைக்கும் ரோலரும், காயவைக்கும் அடுப்பும், அதையெல்லாம் ஓட்டிய நீர்ச்சக்கரமும் எண்ணெய் எஞ்சினும் இருந்த ஸ்டோர் ஒவ்வொன்றும் ஒரு பட்டறை. ஹட்டனில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில் தொடங்கிய பிரவுண் கம்பனி போன்றவை அந்த இயந்திரங்களைச் சுற்றியே வளர்ந்தன. ஸ்டோரில் பிட்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்த பையன் பேரிங் சத்தத்தை வைத்தே தேய்மானத்தைச் சொல்வான். அந்தக் காதுதான் பின்னால் கார்பரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது.

பரிசோதனை வந்தது புகையின் வழியாக. கொழும்பின் காற்று கெட்டுப்போனதே அதற்குக் காரணம். 2000ஆம் ஆண்டு விதிகளும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வாகனப் புகைக்கு அளவு வகுத்தன. இடையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. 2008இன் இறுதியில் இரண்டு தனியார் நிறுவனங்களின் கையில் புகைப் பரிசோதனை தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. மலைக்கு வந்தபோது ஏராளமானோருக்கு அது முதல் அனுபவம். சைலன்சருக்குள் ஒரு குழாயை நுழைத்து, கொம்பியூட்டர் திரையில் எண்ணைக் காட்டி, வண்டி சரியில்லை என்று ஒருவர் சொல்கிறார். வண்டியோ நேற்று இரண்டு மூட்டை கோவாவை ஏற்றிக்கொண்டு மலையேறிய வண்டி.

தவறும் காரணங்களில் முதலாவது எயார் ஃபில்டர். சல்லியும் செம்மண்ணும் கலந்த தோட்டப் பாதையில் வரட்சிக் காலத்துத் தூசியும் மழைக்காலத்து ஈரமும் மாறி மாறி அதில் படியும். ஈரத் தூசி உலர்ந்தால் ஃபில்டர் அட்டையாகிவிடும். ஏற்கனவே மெலிந்த காற்று, அதையும் மறிக்கும் அட்டை. பலர் அதைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுவார்கள். ஸ்பஞ் ஃபில்டருக்கு அது சரிப்படும். காகித ஃபில்டர் அதோடு கெட்டுப்போகும். சிலர் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். காற்று தாராளமாகப் போகும், கூடவே மணலும் போகும். ஒன்றிரண்டு வருடத்தில் ரிங் தேய்ந்து நீலப் புகை வரும். அப்புறம் எந்தத் திருகாணியைத் திருப்பியும் பயனில்லை, எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது சைலன்சர். ஹட்டனுக்குப் பணிய இருக்கும் வட்டவளை வருடத்தில் 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம். நாட்டிலேயே அதிக மழை காணும் ஊர்களில் ஒன்று. மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்தால் நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் துணி காய வாரக்கணக்கு ஆகும். சைலன்சர் வெளியே மழையில் நனைகிறது, உள்ளே எரிந்த பெற்றோலின் நீராவியில் நனைகிறது. லயத்திலிருந்து டவுனுக்கு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடேறி அந்த ஈரத்தை உலர்த்துவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். வளைவின் அடிப்பக்கம் உள்ளிருந்து துருப்பிடித்து ஒரு நாள் ஊசித்துளை விழும். துளை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு பொய்யாகும் என்பதால், அளக்குமுன்பே திருப்பி அனுப்புவார்கள். மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு ஒட்டுப் போடுவது மலைநாட்டு வெல்டிங் பட்டறைகளின் நிரந்தர வருமானம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் மாற்றாத எஞ்சின் ஒயில், தேய்ந்த பிளக், அடைத்த ஜெட், இறுக்கம் விட்ட வால்வு, ஐட்லிங் நிற்காமல் அலையும் எஞ்சின். பாரம் ஏற்றி முதல் கியரில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் ஏறும் ஓட்டம் எல்லாவற்றையும் சீக்கிரப்படுத்துகிறது. கரி படிகிறது, படிந்த கரி மறுபடி அடைக்கிறது. சமவெளியில் 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் மலையில் அதே தூரம் ஓடிய வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்த எந்தப் பாஸும் இரண்டையும் ஒரே வயதென்று சொல்லமாட்டார்.

அடுத்த விடயம் புகையைவிடப் பாரமானது. இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு வருடாவருடம் கட்டாயமாக நடப்பது புகைப் பரிசோதனை மட்டும். 1951இல் கொடுத்த விலக்கு இன்னும் நிற்கிறது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் இன்று மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் வருடத்துக்கு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. பிரிட்டன் 1960இல் பழைய வாகனங்களுக்கு வருடாந்தப் பரிசோதனையைத் தொடங்கியது, மோட்டார் சைக்கிளும் அதில் அடக்கம். அங்கே மோட்டார் சைக்கிள்கள் தவறும் காரணங்களில் முன்னுக்கு நிற்பது விளக்கும் சிக்னலும். பிறகு பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர். அந்தச் சோதனையை நாளைக்கு நுவரெலியா மாவட்டத்தில் வைத்தால் என்ன நடக்கும்?

விளக்கை எடுத்துக்கொள்ளலாம். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பற்றரியிலிருந்து வருவதில்லை, ஓடும் எஞ்சினிலிருந்து நேரே வருகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம், மெதுவாகச் சுற்றினால் மங்கல். இரம்பொடைப் பக்கம் இரவில் மூடுபனிக்குள் இறங்கும் ஒருவர் எக்ஸிலேட்டரைக் கைவிடுகிறார். ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வளைவு தெரியவேண்டிய அதே நொடியில் வெளிச்சம் போகிறது. எதிரே ஏறிவரும் லொறிக்காரருக்கும் இந்த வண்டி தெரியாது.

பிரேக் இன்னும் மோசம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. அந்த இறக்கம் முழுவதையும் பின்காலால் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்முக்குள் பிரேக் ஷூ சூடேறிக் கண்ணாடி போல வழுவழுப்பாகும். அப்புறம் மிதித்தாலும் வழுக்கும். மழைத் தண்ணீர் உள்ளே போனால் முதல் சில மீட்டர் பிடிக்கவே பிடிக்காது. கீழ்க் கியரில் போட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுவதுதான் மலையோட்டத்தின் பாடம். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, சாவியையும் அணைத்து, சத்தமில்லாமல் உருண்டு இறங்கும் பழக்கம் அதற்கு நேர் எதிர். ஒரு லீற்றர் எத்தனை நாள் வரவேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர்களிடம் அந்தப் பழக்கம் ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

நானுஓயாவில் ரதல்ல குறுக்கு வீதி என்றால் மலைநாட்டுச் சாரதிகள் எல்லோருக்கும் தெரியும். ஹட்டன் பக்கம் போகத் தூரம் குறையும், இறக்கம் செங்குத்து. 2023 ஜனவரி 20ஆம் திகதி கொழும்பு மாணவர்களை ஏற்றிவந்த சுற்றுலா பஸ் ஒன்று அங்கே ஒரு வேனிலும் ஒரு முச்சக்கர வண்டியிலும் மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் அரச பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்த விபத்துகளுக்குப் பிறகு பஸ்களின் தகுதி பற்றி நாடு பேசியது. அதே வளைவுகளில் ஒருவர், இருவராக விழும் மோட்டார் சைக்கிள்காரர்களின் பிரேக்கைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

பாதையின் கதையும் சட்டத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்தார் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரே தோட்டத்துப் பாதையில் ஒரு லோட் சல்லி கொட்ட முடியாத நிலை. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிக்குத் தேவை கொழுந்து லொறி போகும் பாதை. திருத்தம் வந்தது 2018இல். இந்த முப்பது வருடப் பள்ளங்களில்தான் ஷொக் அப்சோபர் கசிந்தது, ஸ்போக் உடைந்தது, ஹேண்டில் பேரிங் குழி விழுந்து நேரே பிடித்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பிரிட்டிஷ் பரிசோதகர் ஒருவர் ஆட்டிப் பார்க்கும் அந்தப் பேரிங்கை இங்கே ஆட்டிப் பார்ப்பது கராஜ் பாஸ் மட்டும்தான். காசு இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்று வண்டிக்காரர் சொன்னால் அவரும் இறுக்கி அனுப்பிவிடுவார்.

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நின்றது. இதில் ஒரு கெட்ட பொருத்தம் இருக்கிறது. அடுத்த மாதமே, ஏப்ரல் 1இல், இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்து, அங்கே பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்கள் கார்பரேட்டரை விட்டு எரிபொருள் ஊசிமுறைக்கு மாறின. ஊசிமுறை வண்டியில் காற்றின் அழுத்தத்தை உணரும் கருவி உண்டு. உயரத்துக்கு ஏற்பப் பெற்றோலைத் தானே குறைக்கும். மலைநாட்டுக்கென்றே செய்தது போன்ற மாற்றம் அது. அது பெருகிய வருடங்களில் இலங்கையின் கதவு மூடியிருந்தது. தனிப்பட்ட வாகன இறக்குமதி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் பழைய கார்பரேட்டர் வண்டிகளே ஓடின. அவற்றின் விலை புதிய வண்டியின் பழைய விலையைத் தாண்டியது.

பொருளாதாரம் சரிந்த 2022ஐ மலையில் யாரும் மறக்கவில்லை. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 92 பெற்றோல் 470 ரூபாய். ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். முந்தைய வருடம் போராடிப் பெற்ற தோட்டச் சம்பளம் நாளுக்கு 1000 ரூபாய். ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர். டாலர் ஏறியதில் செயின், டயர், பிரேக் ஷூ எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. பட்டன் தேய்ந்து மொட்டையான டயரை மாற்றுவதா, பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதா என்ற கேள்வி பல லயங்களில் இருந்தது. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அதன் கரியை எஞ்சினிலிருந்து சுரண்டும் வேலை கராஜ்களுக்கு அதற்குப் பிறகும் இருந்தது.

இப்போது ஊசிமுறை வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. அவற்றில் திருப்புவதற்குத் திருகாணி இல்லை. கோளாறைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும், அதைப் படிக்கப் பயிற்சி வேண்டும். காதாலும் மூக்காலும் வேலை பார்த்த பாஸ்மார் அந்த வண்டியை எட்ட நின்று பார்க்கிறார்கள். அவர்களிடம் வேலை பழகும் பையன்கள் போனில் வீடியோ பார்த்துக் கற்கிறார்கள். ஆனால் தோட்டங்களில் பெரும்பாலான வாசல்களில் நிற்பது இன்னும் பழையதே.

காலையில் புகைப் பரிசோதனைக்குப் போன அந்த வண்டிக்காரர் சான்றிதழோடு மாலையில் அதே கராஜுக்குத் திரும்பி வருகிறார். பரிசோதனைக்காக இறுக்கிய அளவில், நுவரெலியாவின் குளிரில், விடியற்காலை எஞ்சின் பற்றாது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறையும் ஊர் இது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் பெற்றோல் வேண்டும். பிரட்டுக்கு முன்னால் மனைவியை மலையடியில் இறக்கிவிட்டு, டவுனுக்கு 7 மணிக்குள் போகவேண்டியவர் அவர். பாஸ் மறுபடி குந்தியிருக்கிறார். ஸ்குரூ டிரைவரை வைத்து, காலையில் திருப்பிய கால் சுற்றைத் திரும்ப விடுகிறார். பிறகு எழும்பாமலே கையை நீட்டிப் பின்பிரேக் பெடலை அழுத்திப் பார்க்கிறார், அது அடிமட்டம் வரை போகிறது. நட்டை மூன்று சுற்று இறுக்குகிறார். அதற்குக் காசு கேட்பதில்லை.